வலிக்காத புண்

காரமாக எதைத் தின்றாலும் அது வலிக்கவில்லை என்பதுதான் அலுவலகக் கண்காணிப்பாளரை முதலில் உறுத்தியது. நாக்கின் இடது ஓரத்தில், பயறளவில், வெள்ளையும் சிவப்புமாக ஒரு புண். தொட்டால் கெட்டியாக இருந்தது. மூன்று வாரமாகியும் ஆறவில்லை.

வீட்டில்கூட மூச்சு விடவில்லை. வாய்ப்புண் என்றாலே அவருக்கு, முன்பு தன்கீழ் வேலை பார்த்த தட்டச்சுக்காரியின் முகம் வந்துவிடும்.

"ஒரு மாசமா ஆறல சார். பல் டாக்டரைப் பார்க்கணும், அரை நாள் லீவு போதும்" என்று அன்று அவர் மேஜை முன் வந்து நின்றாள்.

"வாய்ப்புண்ணுக்கு லீவா? வாயைக் குறைம்மா, தானா ஆறிடும்."

அறையே சிரித்தது. நான்கு முறை கேட்டாள். நான்கு முறையும் மறுத்தார். பிறகு அவள் வேலைக்கு வரவில்லை. அடுத்த வருடம் வாய்ப் புற்றுநோயில் இறந்துபோனாள்.

இப்போது அவரே பல் மருத்துவமனைக்கு வந்திருந்தார். பல் டாக்டரம்மா விளக்கை இழுத்து, நாக்கைத் துணியால் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"ரெண்டு வாரத்துல ஆறலைன்னாலே வந்திருக்கணும். ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?"

"லீவு கிடைக்கல" என்றார். சொன்னபின்தான் அது அவள் சொல்லியிருக்க வேண்டிய பதில் என்று உறைத்தது.

"துளி சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பலாம். " என்று நாக்கில் ஊசி போட்டார். "மரத்துப்போகட்டும். வாயை மூடாதீங்க, வந்துடறேன்."

பற்களுக்கிடையே ரப்பர் கட்டையை வைத்துவிட்டு வெளியே போனார். கிராம்பு எண்ணெய் வாசனை, எச்சில் உறிஞ்சும் குழாயின் களகள சத்தம், கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை வெளிச்சம் இவற்றுக்கு நடுவே அவர் வாயைத் திறந்தபடி மல்லாந்து கிடந்தார். தலைமாட்டில் ஸ்டூலின் சக்கரம் உருண்டது. யாரோ உட்கார்ந்தார்கள்.

டாக்டரம்மா என்றுதான் நினைத்தார். ஆனால் டாக்டரம்மாவின் குரல் வெளியே, போனில் கேட்டுக்கொண்டிருந்தது.

கிராம்பு வாசனை போய்விட்டது. இப்போது ஈரப் பஞ்சின் வாடை. அழுகின வாடை.

விரல்கள் வாய்க்குள் வந்தன. கையுறை இல்லை. சில்லென்று இருந்தன.

கத்தினார். தொண்டைக்குள்ளேயே நின்றது.

விளக்கின் கண்ணாடியில் அந்த முகம் குனிந்தது. அவள்தான். அவசரமே இல்லாமல் வாயைத் திறந்து காட்டினாள்.

உள்ளே நாக்கு இல்லை.

அவர் நாக்கை அடியோடு பற்றி, அளவு பார்ப்பவள்போல, மெல்ல வெளியே இழுக்கத் தொடங்கினாள்.