பெரும்பங்கு

மூலங்காட்டிக் கருவியை உப்பள வரப்பில் இறக்கி வைத்த மாத்திரத்தில் அது விடாமல் கூவத் தொடங்கிவிட்டது. செந்தாமரைக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பதினோரு வருடமாக ஊர் ஊராகத் தேடிய அடிச்சட்டம் எதிரே கிடந்தது, அதுவும் வாய்க்காலுக்குக் குறுக்கே குப்புற. அதன்மேல் பலகை பரப்பியிருந்தார்கள். உப்புக்கூடை சுமந்த பெண்கள் அதில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். ஒரு காரின் முதுகெலும்பு தூத்துக்குடிக்குத் தெற்கே பாலமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, இந்தப் பாலம் ஆரோடதுங்க?"

"எங்களுதுதான்," என்று ஒருத்தி முன்னால் வந்தாள். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் ஞானசௌந்தரி. இந்த அளத்த நாந்தான் பாக்கேன். நீங்க யாருக்கா? லாரியில என்ன, போர்வ போத்தி ஏத்திக்கிட்டு வந்திருக்கிய?"

"காருங்க. கோயமுத்தூர்ல இருந்து வாறேன். பேரு செந்தாமரை."

லாரியில் இருந்தது 'வைகை'. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஆலையில் நாற்பதோ ஐம்பதோ செய்து, ஆலையையும் மூடிவிட்டுப் போன கார். பழைய கார்களை மீட்கிறவர்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. அதே காலத்துப் பாகம் கிடைத்தால் போதாது, அதே காரோடு பிறந்த பாகம்தான் வேண்டும். முன்பெல்லாம் எண் பொறித்த தகட்டை நம்பி வாங்கி ஏமாந்தார்கள். மூலங்காட்டி வந்த பிறகு அந்த வித்தையெல்லாம் பலிக்கவில்லை. ஒன்றாக முடுக்கப்பட்டு ஒன்றாக அதிர்ந்து ஓடிய இரும்புகளின் அணுக்கருக்கள் ஒரே தாளத்தில் சுழலப் பழகிவிடுகின்றன. உடைத்தாலும் உருக்கினாலும் அந்தத் தாளம் மாறாது. மூலங்காட்டி அதைக் கேட்டு, எது எதோடு பிறந்தது என்று சொல்லிவிடும்.

கருவி வந்தால் சட்டம் சும்மா இருக்குமா? தாய்க்கூட்டுச் சட்டம் வந்தது. சிதறிக் கிடக்கும் ஒரு காரில் எவரிடம் எடையில் பெரும்பங்கு இருக்கிறதோ அவரிடம் இருப்பதுதான் தாய்க்கூடு. மற்றவர்கள் தங்களிடம் உள்ளதைப் பேசாமல் கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும். உரிமை கோரும் நாளில் இரண்டு பக்கத்தையும் புதிதாக அளக்க வேண்டும். அளந்த பிறகு மேல்முறையீடு கிடையாது. தரகர்கள் பதுக்கிவைத்து விலையேற்றுவதைத் தடுக்கத்தான் இதைக் கொண்டுவந்தார்கள் என்று சொல்லப்பட்டது. நம்புகிறவர்கள் நம்பலாம்.

இந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு செந்தாமரை ஒரு டீக்கடைக்காரரின் ஹாரனைக் கழற்றியிருக்கிறாள். மாட்டுக்கொட்டகை ஒன்றில் தீவனம் மூட வைத்திருந்த பானெட்டைத் தூக்கியிருக்கிறாள். கல்நெஞ்சுக்காரி இல்லை. பிடித்த பிடியை விடத் தெரியாதவள், அவ்வளவுதான். இந்த அடிச்சட்டம் சேர்ந்துவிட்டால் வைகை முழுசாகிவிடும். இரவல் அடிச்சட்டத்தில் உட்கார்ந்திருக்கிற அவமானம் அதற்குத் தீர்ந்துவிடும்.

விஷயத்தைக் கேட்ட ஞானசௌந்தரியின் முகம் சுருங்கியது.

"பாலத்த எடுத்தா எங்க சனம் எப்பிடிக்கா அக்கர போகும்? தலைச்சுமையோட ஊரச் சுத்தித்தான் வரணும்."

"புதுப்பாலம் நான் போட்டுக் குடுத்தர்றனுங்க. கான்கிரீட்லயே."

"இப்படித்தான் போன வாட்டியும் ஒரு ஆளு சொல்லிட்டுப் போனாரு. அந்தக் கான்கிரீட்ட உப்பு தின்னுட்டு. இது ஒண்ணுதான் அசையாம நிக்கி." அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி, அளந்து பாத்து நீங்க தோத்துட்டா?"

"ஆரு தோத்தாலும் கையில இருக்கறதக் குடுத்தறோணுங்க. அதுதான் சட்டம்."

"அந்தக் காரையுமா?"

"ஆமாங்க. காரையுந்தான்." செந்தாமரை சிரித்துக்கொண்டே சொன்னாள். காரின் கூடு ஒரு பழைய கிடங்கில் கிடைத்த அன்றே அவள் அளந்து பார்த்தவள். முழுக் காரின் எடையில் பெரும்பங்கு அவள் பக்கம்தான் என்று அன்றைக்கே மூலங்காட்டி சொல்லியிருந்தது.

போர்வையை இழுத்தாள். அடர்பச்சை வண்ணத்தில் வைகை வெயிலை வாங்கி வீசியது. கூடையோடு நின்ற பெண்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். ஒருத்தி கிட்டே வந்து கதவில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"எப்பிடிக்கா இப்பிடிப் பளபளன்னு வச்சிருக்கிய?" ஞானசௌந்தரி உண்மையிலேயே வியந்துதான் கேட்டாள்.

யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று செந்தாமரை எப்போதும் ஏங்குவாள். "எனக்குக் கிடைச்சப்ப வெறும் துருக்கூடுங்க. மணல் வீசியடிச்சு, உப்புத்தாள் போட்டு நானே தேய்ச்சேன். தரைத்தகடு பூரா இத்துப் போச்சு, அறுத்து எறிஞ்சுட்டுப் புதுசு போட்டேன். எஞ்சினுக்குள்ள சொரண்டாத இடமில்ல. இன்னைக்கு ஒரு பொட்டுத் துருவக் காட்டுங்க பாக்கலாம்."

காட்ட முடியவில்லை. கார் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

மூலங்காட்டி முதலில் காரைச் சுற்றி வந்தது. பிறகு பாலத்தின் அடியில் புகுந்து, அப்பிக்கிடந்த உப்பையும் துருச்செதிலையும் நிதானமாகத் தடவிக்கொண்டே போனது. வேலை செய்கிறவர்கள் எல்லோரும் கூடையை இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"தாய்க்கூடு: பாலம்," என்றது மூலங்காட்டி. "வித்தியாசம் சிறிது. முடிவு பதிவாகிவிட்டது."

செந்தாமரைக்குக் காது அடைத்தது. "தப்பு. மறுக்கா அள."

மறுபடியும் அளந்தது. அதையேதான் சொன்னது.

"முன்னால எம்பக்கந்தான கூட இருந்துச்சு?"

"இருந்தது. அதன் பிறகு உங்கள் பக்கத்தில் இரும்பு குறைந்திருக்கிறது. துருவில் இருப்பதும் பிறந்த இரும்புதான். அதோடு சேர்ந்த காற்றின் எடையை மட்டும் கழிக்கிறேன். அடிச்சட்டத்தின் துருவை உப்பு பிடித்து வைத்திருக்கிறது. உங்கள் காரின் துரு உங்களிடம் இல்லை."

அவள் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். பட்டறையில் தினமும் கூட்டி அள்ளிக் கொட்டிய செம்பொடி எல்லாம் கண்முன் வந்தது. எத்தனை சாக்கு. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அவள் அதைத் துடைக்கவும் இல்லை.

"பதினோரு வருசமா நானே என் காரத் தேய்ச்சுத் தேய்ச்சு வெளிய வீசியிருக்கறனுங்க."

ஞானசௌந்தரிக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அழாதிய. எங்களுக்கு எதுக்குக்கா காரு? நீங்களே கொண்டு போங்க."

"தாய்க்கூட்டைப் பிரிப்பது குற்றம்," என்றது மூலங்காட்டி. "கொண்டுபோவதானால் பாலத்தோடு சேர்த்துக் கொண்டுபோகலாம். தாய்க்கூட்டுக்காரர் சம்மதம் வேண்டும்."

ஞானசௌந்தரி பாலத்தைப் பார்த்தாள். அக்கரையில் குவிந்திருந்த உப்பையும், இறக்கி வைத்த கூடைகளையும் பார்த்தாள். "அது மட்டும் என்னால முடியாதுக்கா," என்று தணிந்த குரலில் சொன்னாள்.

செந்தாமரை தலையாட்டினாள். அவளிடம் கேட்டிருந்தால் அவளும் இதைத்தான் சொல்லியிருப்பாள். "இங்க நிறுத்துனா உப்புக்காத்துல ஒரு மழைக்குத் தாங்காதுங்க. அரிச்சுப் போயிரும்."

"அரிச்சாலும் துரு இங்கதான கிடக்கப் போவுது. நாங்க ஒண்ணையும் கூட்டி அள்ள மாட்டோம்." ஆறுதலாகத்தான் சொன்னாள். செந்தாமரை எழுந்து போய்ப் போர்வையைக் காரின்மேல் இழுத்துவிட்டாள்.

மூலங்காட்டி ஒப்படைக்க வேண்டியவற்றை வாசிக்கத் தொடங்கியது. கூடு, எஞ்சின், கதவுகள், பானெட், ஹாரன் என்று போய், கடைசியில் நின்றது. "இன்னும் ஒரு பாகம் மீதம் இருக்கிறது. எடை மிகச் சிறிது. ஒப்படைப்பவரிடம் உள்ளது."

"எங்கிட்ட எதுவுமில்லையே." பையில் திருகாணி ஏதாவது தங்கிவிட்டதோ என்று கவிழ்த்துக் கொட்டிப் பார்த்தாள். கொண்டை ஊசியை உருவி வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பிலேயே கொஞ்சதூரம் நடந்தாள். மூலங்காட்டியின் முள் அவள் போன பக்கமெல்லாம் திரும்பியது.

ஞானசௌந்தரி கருவியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். கைக்கு நேராகப் பிடித்தாள், சும்மா இருந்தது. வயிற்றுக்கு நேராகப் பிடித்தாள், முனகியது. நெஞ்சுக்கு நேராகப் பிடித்ததும் கூவியது.

"துருத்தூசி," என்றாள் செந்தாமரை மெதுவாக. தேய்க்கும்போது மூக்கை மூடச் சொல்லி எத்தனையோ பேர் படித்துப் படித்துச் சொன்னார்கள். மூடினால் வேலை ஓடாது என்று இவள்தான் கேட்கவில்லை. அழுத கண்ணோடு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தாள். மூலங்காட்டியின் கூவல் துளி ஏறி இறங்கியது. அடுத்து இன்னும் ஆழமாக இழுத்துப் பார்த்தாள்.

"பிரிக்க முடியாத பாகம்," என்றது மூலங்காட்டி. "பிரிக்க முடியாதவை, இருக்கிறபடியே தாய்க்கூட்டோடு இருக்க வேண்டும்."

கூடைக்காரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஞானசௌந்தரி கருவியைக் கீழே வைத்தாள். செந்தாமரையைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். அவள் நின்ற இடத்தில் வெயில் கொளுத்தியது. தன் தலைத்துண்டை எடுத்து நீட்டினாள்.

"இதக் கட்டிக்கிடுங்க. ராத்திரி எங்க வீட்டுல படுத்துக்கிடலாம். தண்ணி மட்டும் கொஞ்சம் உப்புக்கரிக்கும்க்கா, போகப் போகப் பழகிரும்."