கீறல் தங்காத கல்

கத்தியால் கீறிய கோட்டைக் காணவில்லை.

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். எவ்வளவு கெட்டியான கல் என்று தெரிந்துகொள்ள, சற்றுமுன்தான் அந்தச் சாம்பல் நிற உருளைக்கல்லை அழுத்திக் கீறியிருந்தாள். உதிர்ந்த மாவு இன்னும் மேஜையில் கிடந்தது. கல் மட்டும் வழவழவென்று ஒன்றும் தெரியாததுபோல் படுத்திருந்தது.

மாவட்டம் முழுக்க மண்ணுக்கடியில் என்ன பாறை இருக்கிறது என்று வரைபடம் போடுகிற ஜியாலஜிஸ்ட் அவள். வடக்கே கிரானைட், தெற்கே சுண்ணாம்புக்கல், நடுவில் மணற்கல் என்று மற்றதெல்லாம் சமர்த்தாகப் பெட்டிக்கு வந்து சேர்ந்துவிட்டது. இந்தச் சாம்பல் கல் எந்தக் கணக்கிலும் சேரவில்லை. இன்றைக்குத்தான் முதல்முறை மேலே வந்திருந்தது. கொண்டுவந்தவன், பூமியைத் துளைத்துக் குழாய் வழியாகக் கல்லெடுக்கும் போர் மெஷினை ஓட்டும் அவள் தம்பி. அப்பா அம்மா போன பிறகு அவளுக்கென்று இருக்கும் ஒரே உயிர்.

"மாப்பிள்ளை போட்டோவைப் பாருன்னா கல்லை மொறைச்சிக்கிட்டு உக்காந்திருக்கே," என்று சிரித்துவிட்டுத்தான் போனான். "குழாய்ல இன்னொரு கல்லுத் துண்டு மாட்டிக்கிச்சு. ஆளுங்க எல்லாம் கிளம்பிட்டாங்க. எடுத்துட்டு வரேன், வீட்டுக்குப் போலாம்."

"கையை விட்டு நோண்டாதடா. சுத்தியால தட்டு."

"சரி தாயே."

கையை விட்டுத்தான் நோண்டுவான். போர் ஓட்டுகிறவர்கள் யாரும் அந்தப் பழக்கத்தை விட்டதில்லை.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தகரக் கூரையில் மழை சடசடத்தது. நனைந்த கல்தூளும் டீசலும் கலந்த வழக்கமான வாசனைக்கு அடியில், பல் டாக்டர் அறையில் பல்லைக் குடையும்போது வருமே, அந்தக் கருகல் நெடி மெல்ல எழுந்து, சுவரோரம் அடுக்கியிருந்த பெட்டிகளைத் தாண்டி வந்து அவள் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. அவள் மறுபடி கீறினாள். இந்தமுறை கண்ணை எடுக்கவில்லை. கோடு இரண்டு முனையிலிருந்தும் மெதுவாக மூடிக்கொண்டது.

நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டாள். ஆனாலும் வேலைப் பழக்கம் விடவில்லை. அமிலக் குப்பியை எடுத்து ஒரு சொட்டு விட்டாள். சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் நுரைக்கும்.

நுரைக்கவில்லை. கல் சுருங்கி இறுகியது.

அதே நொடியில் வெளியே தம்பி அலறினான்.

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். ஜெனரேட்டர் விளக்கின் கீழ், இரும்புத் தாங்கியில் கிடத்திய குழாய்க்குள் அவன் வலது கை முழங்கை வரை போயிருந்தது. குழாயின் வாயிலிருந்து ரத்தம் சொட்டவில்லை, வழிந்தது.

"இறுக்குதுக்கா! உள்ள நசுக்குது!"

சம்மட்டியால் குழாயை அடித்தாள். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. அடிக்க அடிக்க உள்ளே இன்னும் இறுகியது.

"அடிக்காத! வெட்டிடு. கையே வேணாம், வெட்டிடு!"

கல் வெட்டுகிற பேட்டரி மெஷின் பக்கத்திலேயே இருந்தது. அவன் பெல்ட்டை உருவி முழங்கைக்கு மேலே கட்டினாள். மெஷினை எடுத்தாள். குழந்தையில் அவனுக்குச் சோறூட்டிய கை இது. கண்ணை மூடாமல் பிளேடை வைத்தாள்.

தோல் கிழிந்தது. சூடாக அவள் முகத்தில் அடித்தது ரத்தம். சதை. அவன் கத்தினான். இன்னும் கொஞ்சம்தான். எலும்பு.

தீப்பொறி பறந்தது.

கை துண்டாகி, அவன் பின்னால் சாய்ந்தான். கத்தல் நின்றது.

"வலிக்கலையேக்கா," என்றான் ஆச்சரியமாக.

அவள் வெட்டுவாயைப் பார்த்தாள். ஓரத்தில் சிவப்பு. நடுவில் எலும்பு இல்லை. வழவழவென்று சாம்பல் நிறம். பார்க்கப் பார்க்க அது சிவப்பைத் தின்று விரிந்தது.

"மேல வெட்டுக்கா. சீக்கிரம்."

வெட்டினாள். பொறி.

தோளோடு வெட்டினாள். பொறி.

வெட்டின இடத்தில் ரத்தமே இல்லை. காலடியில் விழுந்த துண்டுகள் டங்கென்று ஒலித்தன. "போதும்டா, போதும்," என்று அவள் அழுதாள். அவன் கேட்கவில்லை. சட்டைக் காலருக்குள்ளிருந்து சாம்பல் நிறம் கழுத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே இன்னும் அவள் தம்பியின் முகம். கண் நிறையத் தண்ணீர்.

அவன் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, அவளுக்குத் தோதாகக் கழுத்தைக் காட்டினான்.

"இன்னும் மேலக்கா," என்றான்.