மூன்று விரல் மஞ்சள்

மதியத்துக்கு மேல் லாரி அவர்களை இறக்கிவிட்டுப் போனது. நெரோலின் ஒரு கையில் அரிசிப் பையையும் மறு கையில் மகள் நீவாவையும் பிடித்துக்கொண்டு தென்னந்தோப்புக்குள் நடந்தாள். இடது பக்கம் கடல் சத்தம் கூடவே வந்தது. தலைநகர் ஹோனியாராவிலும் கடல் உண்டு, ஆனால் அங்கே அது லாரிகளின் இரைச்சலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இங்கே ஒளிய இடம் இல்லை. கணவன் கேசா இறந்த பிறகு அவள் இந்த வீட்டுக்கு வருவது இதுதான் முதல் முறை.

சமையல் குடிசை வாசலில் கேசாவின் தங்கை லொசானா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"வா அண்ணி. டவுன்ல சோறே போடலையா? எலும்பும் தோலுமா வந்து நிக்கிற."

"நீ மட்டும் என்ன, பன்னிக்குப் போட வேண்டியதை எல்லாம் நீயே தின்னுட்டியா?"

லொசானா குலுங்கிச் சிரித்தாள். அவள் காலடியில் படுத்திருந்த கிழட்டு நாய் சார்ஜண்ட் எழுந்து வந்து நெரோலினின் பாதத்தை முகர்ந்தது. அவள் குனிந்து அதன் காதைத் தடவினாள்.

இந்தக் கரையில் வளர்ந்த அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் தொடமாட்டார்கள். அவள் பாயில் அவன் உட்காரமாட்டான். நேருக்கு நேர் பேசவும் கூடாது. அது மரியாதை. எதைச் சொல்வதானாலும் நடுவில் ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லாத வேளைகளில் சார்ஜண்ட்தான் அந்த ஆள். கேசா வெளிவாசலில் நின்றுகொண்டு, "சார்ஜண்ட், டீ கிடைக்குமான்னு உள்ள கேளு" என்பான். உள்ளேயிருந்து லொசானா, "சார்ஜண்ட், மீன் கொண்டுவராத ஆளுக்கு டீ கிடையாதுன்னு வெளிய சொல்லு" என்பாள். நாயின் காதுகள் ஒரு முறை அந்தப் பக்கமும் ஒரு முறை இந்தப் பக்கமும் திரும்பும். நெரோலின் கல்யாணமாகி வந்த புதிதில் இதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறாள்.

கேசா வெடி வைத்து மீன் பிடிப்பவன். யுத்தத்தில் ஜப்பான்காரர்கள் விட்டுப்போன குண்டுகளைத் தோண்டியெடுத்து, ரம்பத்தால் அறுத்து, உள்ளிருக்கும் மஞ்சள் பொடியைச் சுரண்டுவான். இடது கையில் இரண்டு விரல்களை அது முதலிலேயே வாங்கிக்கொண்டது. மிச்சமிருந்த விரல்களின் மஞ்சள் எந்தச் சோப்புக்கும் போகாது. அவன் தொட்ட சோறு கசக்கும். அவன் தடவிக்கொடுத்த கன்னத்தில் கண்ணீர் வழிந்து உதட்டுக்கு வந்தால் அதுவும் கசக்கும். நீவா கைக்குழந்தையாக இருந்தபோது, அவளுடைய ஞானஸ்நான விருந்துக்கு மீன் வேண்டுமென்று இன்னொரு குண்டை அறுக்க உட்கார்ந்தான்.

அவன் சவப்பெட்டியைத் தூக்க இரண்டு பேர் போதுமாக இருந்தது.

துக்கம் முடிக்கும் விருந்துக்குப் பன்றிகள் சேர இத்தனை காலம் ஆகிவிட்டது. விருந்துக்காகக் குழி வெட்டிக் கல் அடுக்கும் அடுப்பில் முதல் நெருப்பை விதவைதான் மூட்ட வேண்டும். அதன் பிறகு அவள் கறுப்பைக் களையலாம், உரக்கச் சிரிக்கலாம், யாரோடும் போகலாம். ஹோனியாராவில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் ஒருவன் அவளிடம் தன்மையாகப் பேசுகிறான். அவளுக்கு அவன் வேண்டுமா? அதை அவள் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

சாவு வீட்டுக்குச் சமைத்த குழியில் துக்கம் முடிக்கும் நெருப்பை மூட்டக் கூடாது. புதுக் குழி வேண்டும். புது நிலத்தில் நெருப்பு மூட்டக் கூடாது என்பதும் இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் லொசானாவின் கணவன் மாலோ குடிசைக்குப் பின்னால் வெட்டியிருந்தான்.

"கம்பி விட்டுக் குத்திப் பார்த்தியா?" என்று கேட்டாள் நெரோலின்.

"எல்லாப் பக்கமும் குத்திட்டேன். ஒண்ணும் தட்டலை. குண்டு எடுக்கிற ஆளுங்க வரட்டும்னு உக்காந்தா, பன்னி கிழமாயிடும்."

மறுநாள் காலை பெண்கள் ஆற்றிலிருந்து கற்களைச் சுமந்து வந்து குழியில் அடுக்கினார்கள். குளித்துவிட்டு நடுவெயிலில் திரும்பியபோது குழி காலியாக இருந்தது.

கற்கள் எல்லாம் குடிசைச் சுவரோரம் வரிசையாக இருந்தன.

ஈரமாக இருந்தன. கடல் நீரின் ஈரம்.

"யோவ் மாலோ, வேற வேலை இல்லையா உனக்கு?" லொசானா கத்தினாள்.

"நானா? ஒரு கல்லைத் தூக்கச் சொன்னா மூணு நாள் இடுப்பு வலின்னு படுக்கிறவன்டி நான்!"

எல்லோரும் சிரித்தார்கள். நெரோலின் ஒரு கல்லைப் புரட்டினாள். அடியில் மஞ்சளாக மூன்று கோடுகள். யாரும் பார்க்காதபோது நாக்கு நுனியால் தொட்டாள்.

கசந்தது.

அதன் பிறகு அது நிற்கவில்லை. காய்ந்த விறகு நனைந்து கிடந்தது. தீப்பெட்டி மேல் மூன்று கோடு. அவளுடைய கறுப்பு உடையின் தோளில் மூன்று கோடு. நீவாவின் நெற்றியில், தலைமுடியை யாரோ ஒதுக்கிவிட்டதுபோல, மூன்று கோடு. லொசானாவின் பாயில் மட்டும் ஒன்றுமில்லை. அவள் சட்டியில், அவள் துணியில் ஒன்றுமில்லை.

லொசானாவின் சிரிப்பு நின்றுபோனது. அன்று மாலை நெரோலினின் காதருகே வந்து கிசுகிசுத்தாள்.

"அண்ணனுக்கு நீ போறது பிடிக்கலை, அண்ணி."

நெரோலினும் அதைத்தான் நினைத்தாள். அவள் மனதில் இன்னும் முழுதாக முளைக்காத ஆசையைக்கூட அவன் கண்டுபிடித்துவிட்டான். உயிரோடிருந்தபோது பொறாமையே தெரியாதவன். இறந்தவர்கள் மாறிவிடுவார்களோ? வெளிச்சம் போகுமுன் தனியாகக் குழியருகே போய்க் குனிந்தாள். பழைய இரும்பின் வாசனையும் ஈர மண் வாசனையும் வந்தன.

"என்னை விடு கேசா," என்றாள். "போதும். என்னைப் போக விடு."

தென்னை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. ஆனால் குழிக்குள்ளிருந்து காற்று மேலே வந்து அவள் முகத்தில் பட்டது. மூச்சு வாங்கும் ஒருவனின் வாய்க்காற்றுபோல. ஓடி வந்து, சொல்ல முடியாமல் நிற்கும் ஒருவனின் மூச்சுபோல.

அவள் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டாள்.

விருந்து நாள் காலையில் உபதேசியார் குழிக்கு மந்திரித்த நீர் தெளித்து ஜெபம் சொல்லிவிட்டுப் போனார். ஆண்கள் கடற்கரையில் பன்றி அறுத்துக்கொண்டிருந்தார்கள். மற்ற பெண்கள் இலை வெட்டத் தோப்புக்குள் போயிருந்தார்கள். லொசானா புது விறகை ஒரு கண நேரமும் விட்டுப் பிரியாமல் காவல் காத்திருந்தாள். நெரோலின் நெருப்பு வைத்தாள். பிடித்துக்கொண்டது. வெகு நேரம் நன்றாகவே எரிந்தது. கற்கள் சிவக்கத் தொடங்கின.

நீவா அவள் பாவாடையை இழுத்தாள்.

"அம்மா, அத்தையை அந்தப் பக்கம் போகச் சொல்லு."

"ஏன்டி?"

"அப்பா சொல்றாரு."

நெரோலின் பாவாடையை விடுவித்துக்கொண்டாள். "சும்மா இரு."

"நீதான் சொல்லணுமாம். அவரு சொல்லக் கூடாதாம்."

"வாயை மூடுன்னு சொன்னேன்ல!"

குழந்தை அழவில்லை. அண்ணாந்து யாரையோ பார்த்தது. பிறகு வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்தியது. உயரமான ஒருவரின் கையைப் பிடித்துக்கொள்வதுபோல. அப்படியே கடலை நோக்கி நடந்தது. வேகமாக. குழந்தைக் கால்களால் முடியாத வேகம். பாதங்கள் இடையிடையே மண்ணைத் தொடவில்லை.

"நீவா!"

"ஓடு அண்ணி, அது தண்ணிக்குள்ள போயிடப் போகுது!" லொசானா கத்தினாள். "நெருப்பைத் தனியா விடக் கூடாது. நான் இருக்கேன், நீ ஓடு!"

நெரோலின் ஓடினாள். அலை முழங்காலைத் தொடும் இடத்தில் குழந்தையைப் பிடித்து இழுத்தாள். நீவாவின் மணிக்கட்டில் மூன்று விரல் மஞ்சள், இன்னும் ஈரமாக இருந்தது. குழந்தை அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டது.

"அத்தைகிட்ட சொல்லிட்டியாம்மா?"

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

கல்லைத் தூக்கினான். விறகை நனைத்தான். அவளைத் தொட்டான், குழந்தையைத் தொட்டான். தங்கையைத் தொடவில்லை. தொடக் கூடாது. பேசக் கூடாது. நடுவில் ஓர் ஆள் வேண்டும்.

நெரோலின் குடிசையை நோக்கித் திரும்பி வாயைத் திறந்தாள்.

பூமி எழுந்தது.

மாலோவின் கம்பி எட்டியதற்கும் கீழே கிடந்திருக்கிறது குண்டு. சூடு மெல்ல மெல்ல இறங்கிப் போயிருக்கிறது. பிறகு வந்து பார்த்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். மாலோ அந்தக் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லொசானாவை அண்ணனுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். நடுவில் ஒரு பாய் விரிக்கும் அளவு இடம் விட்டார்கள். நெரோலின் கறுப்பைக் களையவில்லை.

அவள் புறப்படும் நாள் மதியம், லாரி வரும் நேரம். சமையல் குடிசையின் பாதி மட்டும் நின்றது. லொசானாவின் பாய் எரியாமல் அதன் இடத்திலேயே கிடந்தது. நெரோலின் டீ போட்டாள். ஒரு கோப்பையைப் பாயருகே வைத்தாள். இன்னொன்றை வெளிவாசலில் வைத்தாள். பிறகு பாயின் முன்னால் மண்டியிட்டாள்.

"லொசானா," என்றாள். "உங்க அண்ணன் உன்னை அந்தப் பக்கம் போயிடச் சொன்னாருடி. நான்தான் சொல்லலை."

தூரத்தில் லாரி ஹாரன் ஒலித்தது. நீவாவைக் கூப்பிட எழுந்தவள் வாசலில் நின்றுவிட்டாள்.

சார்ஜண்ட் நிலைப்படியில் உட்கார்ந்திருந்தது. அதன் ஒரு காது வெளியே திரும்பியிருந்தது. வெளிவாசல் கோப்பையின் கைப்பிடியில் மஞ்சளாக மூன்று விரல்.

நாய் தலையைத் திருப்பி உள்ளே கிடந்த காலிப் பாயைப் பார்த்தது. காதைத் தூக்கிக்கொண்டு வெகு நேரம் காத்திருந்தது.

பிறகு மெல்ல வாலை ஆட்டியது.