மூன்று கோட் வார்னிஷ்

ஜன்னலோரத் தரைப் பலகைகளில் பாலிஷ்காரர் காலையிலேயே மூன்று மாதிரிகள் தடவிவிட்டுப் போயிருந்தார். எண்ணெய், மெழுகு, வார்னிஷ். அவள் துணி காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தபோது மெழுகும் வார்னிஷும் அப்படியே இருந்தன. எண்ணெய் தடவிய இடம் மட்டும் வெளிறிக் கிடந்தது, யாரோ நக்கி எடுத்தாற்போல. கை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"உங்க பலகைக்கு ரொம்பத் தாகம்மா, எண்ணெய்னா ஊத்தி மாளாது," என்று மறுநாள் பாலிஷ்காரர் சிரித்தார். "இந்தக் குழியை மெஷின் போட்டுச் சமமாக்கிடவா?"

"அதைத் தொடாதீங்க!"

அவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? அப்பா வரும் நேரத்துக்கு ஜன்னலோரம் நின்று, ஒற்றைக் குதிகாலை ஊன்றிச் சுற்றிச் சுற்றி மகள் தேய்த்த குழி அது. மகள் இறந்து வருஷம் ஒன்றாகிறது. இன்றும் பொழுது சாயும்போது அந்த இடத்தில் பலகை மெல்ல முனகும். "ஈரத்துக்கு மரம் உப்புதுடி," என்பான் கணவன், அவள் முகத்தைப் பார்க்காமல். அந்த முனகலுக்காகத்தான் அவள் பகலெல்லாம் காத்திருந்தாள். மரம் தேயத் தேய, அதுவும் ஒருநாள் நின்றுவிடுமோ என்பதுதான் அவளுடைய பயம்.

"எதைப் போட்டா உள்ள இருக்கிறது அப்படியே இருக்கும்?"

"வார்னிஷ்தாம்மா. கண்ணாடி மாதிரி மூடிடும். ஒண்ணும் உள்ள போகாது, வெளிய வராது."

"அப்போ அதையே போடுங்க. மூணு கோட்டு."

"மூணா? ஏன்டி, இது வீடா, கப்பலா?" என்றான் கணவன். வெகுநாள் கழித்து இருவரும் சிரித்தார்கள்.

பூச்சு காய்ந்த அன்று மாலை, மூக்கை அரிக்கும் அந்த நெடிக்கு நடுவே குழியருகே உட்கார்ந்தாள். தெருவில் சைக்கிள் மணி ஒலித்தது, எங்கோ ஒரு குழாய் சொட்டியது, வெயில் சுவரேறி மறைந்தது. பலகை முனகவில்லை.

"கண்ணு?"

பளபளப்பில் ஓர் இடம் மங்கியது. உள்ளங்கையால் துடைத்தாள். போகவில்லை. மறுபடி துடைத்தாள்.

மங்கல் பூச்சுக்கு அடியில் இருந்தது.

விரிந்தது. சுருங்கியது. விரிந்தது. குளிர்காலத்துக் கண்ணாடியில் வாய் வைத்து ஊதுவது போல.

"ஏங்க! இங்க வாங்க!"

அவன் குனிந்து பார்த்தான். சமையலறைக்கு ஓடிக் கத்தியோடு வந்தான். சுரண்டினான். அவள் நகத்தால் சுரண்டினாள். மூன்று கோட். கத்தி வழுக்கியது. நகம் பிய்ந்தது.

"இதோடா தங்கம். இதோ. அப்பாவும் வந்துட்டாரு."

மங்கல் வருவதற்கு இப்போது நேரமானது. வந்தது, சின்னதாக. பிறகு இன்னும் சின்னதாக.

அதன் இருபுறமும், அடியிலிருந்து, ஐந்தைந்தாகப் பத்துக் குட்டி விரல்நுனிகள் வெளுக்க வெளுக்க அழுந்தியிருந்தன.