கப்பலில் ஒரு செவிலித்தாய்

அழுகிற பிள்ளையைக் காரில் போட்டு ஃப்ரீவேயில் ஓட்டினால் தூங்கிவிடும் என்பது அமெரிக்கா வந்த பெற்றோர் எல்லாருக்கும் தெரிந்த வித்தை. தீபக்கும் யாமினியும் அதை நம்பித்தான் தாங்கள் குடியிருக்கும் கேட்டி என்ற ஊரிலிருந்து கிளம்பினார்கள். நாலு மாதக் கைக்குழந்தை சாய்ராம் கால்வெஸ்டன் துறைமுகம் வரைக்கும் விடாமல் அழுதான். மாமியார் விசா முடிந்து ஊருக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை யாமினி வேலைக்குத் திரும்பியாக வேண்டும், டேகேரில் இடம் கிடைத்தபாடில்லை. பிள்ளையை யார் கையில் விடுவது என்ற கவலையிலேயே அவள் பாதியாக இளைத்திருந்தாள்.

துறைமுகத்தில் பழைய கப்பல் ஒன்றைக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். ஐரோப்பாவில் ஏதோ ஒரு குட்டி நாட்டு ராஜா குடும்பம் உல்லாசமாகச் சுற்றிய கப்பலாம். இப்போது டிக்கெட் வாங்கினால் யாரும் ஏறலாம்.

"இவ்ளோ தூரம் டிரைவ் பண்ணிட்டோம், பாத்துட்டே போயிடலாம்," என்றான் தீபக்.

மேல்தளத்தில் அவன் போட்டோ எடுக்க நின்றுவிட்டான். யாமினி அழுகிற குழந்தையோடு படியிறங்கிக் கீழ்த்தளத்துக்குப் போனாள். அங்கே வெளிச்சம் மங்கல். ஈர மரமும் திரிந்த பாலும் கலந்த ஒரு வாடை. தண்ணீர் அசையும்போதெல்லாம் மரச்சுவர் மெல்ல முனகியது. மற்ற அறைகள் பூட்டிக் கிடக்க, ஒன்று மட்டும் திறந்திருந்தது.

உள்ளே ஒரு தொட்டில். பக்கத்தில் சாம்பல் நிற உடுப்பில் ஒரு பெண்மணி. பார்க்க வருகிறவர்களுக்காக வேஷம் கட்டி உட்கார வைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்தாள் யாமினி. அந்த அம்மாள் இரண்டு கையையும் நீட்டினார். பிள்ளையை வாங்க யாராவது கை நீட்டினால், நீங்கள் யார் எவர் என்று கேட்க நம் ஆட்களுக்குத் தோன்றவே தோன்றாது. கொடுத்துவிட்டாள்.

அழுகை நின்றது.

நாலு மாதத்தில் முதன்முறையாகக் கிடைத்த அமைதியில் யாமினிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆன்ட்டி, பேசாம நீங்க எங்க வீட்டுக்கே வந்துடுங்களேன்," என்றாள். சொன்னது இங்கிலீஷில், பழக்கம் நம்மூருடையது. நன்றாகச் சமைப்பவரையும் நன்றாகப் பிள்ளை பார்ப்பவரையும் நாம் இப்படித்தானே புகழ்கிறோம்.

அந்த அம்மாள் அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நிஜமாகவே கூப்பிடுகிறாயா?" என்று கிசுகிசுத்தார்.

"எப்ப வேணா வாங்க ஆன்ட்டி."

தூங்கிவிட்ட பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டு இறங்கும்போது கப்பல் கைடிடம், கீழே இருக்கும் நர்ஸ் அம்மா தங்கமானவர் என்றாள். கைடுக்கு முகம் மாறியது. அந்த அறையில் யாரையும் உட்கார வைப்பதில்லையே என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: இளவரசனுக்குப் பாலூட்ட ஒரு செவிலித்தாய் இருந்தாளாம். ஒரு புயலில் அந்தக் கைக்குழந்தையோடு கடலில் விழுந்துவிட்டாளாம். பிள்ளையின் உடல் கரை ஒதுங்கியது. அவள் கிடைக்கவேயில்லை.

தீபக் சிரித்தான். "டிக்கெட் விக்கறதுக்குன்னே கட்டி விடற கதை. புள்ள தூங்கறான், அது போதும் நமக்கு."

யாமினிக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டிலும் சாய்ராம் அழவில்லை. விடிய விடியத் தூங்கினான். காலையில் பால் கட்டி மார்பு வலிக்க, யாமினி பதறிப்போய் எழுந்து அவனிடம் ஓடினாள். பசித்திருக்க வேண்டிய பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டான். வயிறு திம்மென்று நிரம்பியிருந்தது.

"தீபக், நீ பாட்டில் குடுத்தியா?"

"நான் எழுந்துக்கவே இல்லையே."

குழந்தையின் வாயோரம் பால் காய்ந்திருந்தது. குனிந்து முத்தமிட்டாள்.

உப்புக் கரித்தது.

அறையில் யாரும் இல்லை. ஈர மர வாடை மட்டும் இருந்தது. வருந்தி அழைத்த விருந்தாளியைப் போகச் சொல்வது எப்படி? அப்படிச் சொல்லி அவளுக்குப் பழக்கமே இல்லை.

"ஆன்ட்டி... போதும். என் புள்ளைய நானே பாத்துக்கறேன். நீங்க கெளம்புங்க."

சாய்ராம் அவள் தோளுக்கு மேலே எதையோ பார்த்துச் சிரித்தான். பெற்றவளிடம் அவன் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை.

யாமினி அவனை அள்ளி மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

கையில் கனமே தெரியவில்லை.

குழந்தைக்கு அடியில், அவள் கைகளை ஒட்டி, சில்லென்று ஈரமாக இன்னும் இரண்டு கைகள் இருந்தன.