காத்தானின் இயக்கநிலை

இறந்தவர்களின் எண் மாறுவதில்லை. ஆனால் காத்தானின் பெயருக்கு எதிரே சென்ற மாதம் விழுந்த ஐந்து, அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் நான்காக இருந்தது.

நாமக்கல் சாலையிலிருந்த அந்தப் புற்றுநோய் மருத்துவமனையில், வார்டுக் குறிப்புகளைக் கணினியில் ஏற்றுவது சுகன்யாவின் வேலை. அவற்றைப் படிக்கும் கணினி நிரல், நோயாளியின் இயக்கநிலையை, அதாவது அவர் எவ்வளவு நடமாடுகிறார் என்பதை, ஓர் எண்ணாகச் சொல்லும். பூஜ்ஜியமென்றால் பழைய வேலையை முன்போலவே செய்பவர், நான்கென்றால் படுக்கையை விட்டு எழ முடியாதவர், ஐந்தென்றால் இறந்தவர்.

மாடி அறையில் தனியாக இருந்தவள், உடன் வேலை செய்யும் நவீன்குமாரைக் கைபேசியில் அழைத்தாள்.

“செத்தவரு பொழச்சா நல்லதுதானுங்களே அக்கா, நம்ம ஆஸ்பத்திரிக்குப் பேரு,” என்று சிரித்தான். “நானு தொடலீங்க. நாளைக்கு வந்து பாக்கறேன்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை நெரிக்கும் நாட்களில், பக்கத்துக் கட்டில்காரரின் குறிப்பை நகலெடுத்து அடுத்தவரின் பக்கத்தில் ஒட்டிவிடுவது அங்கே எல்லோரும் செய்வதுதான். அப்படி அவள் ஒட்டியதில்தான், லாரி பாடி கட்டும் பட்டறையில் தகடடித்துக்கொண்டிருந்த காத்தான், பஸ்ஸேறித் தன் காலால் நடந்து வந்தவர், ‘படுக்கையை விட்டு எழ இயலாது, உண்ணவும் உதவி தேவை’ என்றானார். நிரல் நான்கு என்றது. நான்கைப் பார்த்த மருத்துவர், இந்த உடம்பு தாங்காதென்று மருந்தை நிறுத்தினார்.

காத்தானின் மனைவி ஆராயி அன்று இதே மேசையருகே நின்று கேட்டாள்: “ஏனுங்க சாமி, எங்கூட்டுக்காரரு முந்தாநேத்துக்கூடச் சம்மட்டி புடிச்சாருங்க. எந்திரிக்க முடியாதுன்னு ஆருங்க எழுதுனது?”

“கம்ப்யூட்டர் சொல்லுதுங்க,” என்றிருந்தாள் சுகன்யா, தலையை உயர்த்தாமலே.

திரையில் இப்போது மூன்று.

குளிர்சாதனத்தின் முனகலுக்கு அடியில், ஸ்பிரிட் வாடையை மெல்ல விலக்கிக்கொண்டு சூடேறிய இரும்பின் நெடியும் பச்சைப் பெயின்ட்டின் காரமும் அறைக்குள் கசிய, வெளியே படிக்கட்டில் கனமான ஏதோவொன்று தரையோடு தரையாகத் தேய்ந்து, படிக்குப் படி இரும்பு ணங்கென்று மோத, அவசரமே இல்லாமல் மேலேறி வந்துகொண்டிருந்தது.

இரண்டு. தேயும் ஓசை நின்றது. காலடி கேட்டது.

ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டாள். அந்தப் பொய் வரி இருப்பதால்தானே வருகிறார்? அழித்துவிட்டால் போய்விடுவார். அதை அழித்தாள். உண்மையை எழுதினாள்: ‘நடந்து வந்தார். தகடடிக்கும் வேலைக்குத் தவறாமல் போகிறார்.’

பூஜ்ஜியம்.

எழுதிய பிறகுதான் புரிந்தது: பூஜ்ஜியமென்றால் பழைய வேலையை முன்போலவே செய்பவர்.

காலடி உறுதியானது. வேகமானது. கதவருகே நின்றது.

ஒரே அடி. தாழ்ப்பாள் தெறித்தது.

நாற்காலியோடு விழுந்தாள். “தெரியாமப் பண்ணிட்டனுங்க...” மூக்கில் பஞ்சு வைத்த முகம் குனிந்தது. வளைந்த தகட்டைப் பரப்புகிறவரின் நிதானத்தோடு, அவள் காலைத் தரையில் நீட்டி வைத்தது குளிர்ந்த கை.

சம்மட்டி இறங்கியது. முழங்கால் நொறுங்கியது. மறுகால். பிறகு கைகள். மணிக்கட்டு. முழங்கை. ஒன்றையும் விடவில்லை. நல்ல வேலைக்காரர்.

இரத்தம் தெறித்த திரையில் புதிய பக்கம் திறந்திருந்தது. சுகன்யா. கீழே, அவள் ஒட்டிய அதே வரி: ‘படுக்கையை விட்டு எழ இயலாது, உண்ணவும் உதவி தேவை.’

எதிரே நான்கு.

அவர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சம்மட்டியை மறுபடி ஓங்கினார், இம்முறை அவள் தலைக்கு நேராக.