மாப்பிள்ளையின் நாடி

கையிலிருந்த ஸ்பேனர் நழுவித் தரையில் விழுந்தபோது அவன் திடுக்கிட்டான். பொம்மையும் திடுக்கிட்டது.

பொம்மையின் உடம்பு அசையவில்லை. ஸ்டெதாஸ்கோப் அவன் காதில் இருந்தது, அதன் மறுமுனை பொம்மையின் நெஞ்சில் இருந்தது. அதுவரை சீராகக் கேட்டுக்கொண்டிருந்த இதயத் துடிப்பு, ஸ்பேனர் விழுந்த கணத்தில் ஒன்றைத் தவறவிட்டு, தடதடவென்று ஓடி, கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து பழைய நடைக்கு வந்தது. அது பதிவு செய்த ஒலி. பதிவு செய்த ஒலி பயப்படாது.

வகுப்புகள் முடிந்த மாலை. நர்சிங் கல்லூரியின் பயிற்சிக் கூடத்தில் காலிக் கட்டில்கள் வரிசையாகக் கிடந்தன. ஸ்பிரிட் வாடையும் வெயிலில் காய்ந்த ரப்பர் வாடையும் கலந்து தொண்டையில் ஒட்டியது. கட்டிலுக்கு அடியிலிருந்த காற்றுப் பம்பு முனகிக்கொண்டிருந்தது. அவன் அந்தக் கூடத்தின் டெக்னீஷியன். பொம்மையைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. நெஞ்சுத் தோலை மூடிபோலத் திறந்தால் உள்ளே நுரையீரலுக்கு இரண்டு ரப்பர் பைகள், இதயத்துக்கு ஒரு ஸ்பீக்கர், குடலுக்கு இன்னொன்று. கழுத்திலும் மணிக்கட்டிலும் சிவப்புத் தண்ணீர் ஓடும் குழாய்கள் நாடியாக அடித்தன. சிறுநீருக்கு ஒரு பை. கண்மணி சுருங்கி விரிய மயிரிழை மோட்டார்கள். தசை கிடையாது. கையைத் தூக்கி வைத்தால் வைத்த இடத்தில் கிடக்கும்.

மாணவிகள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள். படுத்தே கிடக்கிறான், சுற்றி நின்று எல்லோரும் கவனிக்க வேண்டியிருக்கிறதே.

போன வருடம் கம்பெனி கொடுத்த ஒலிகள் மொத்தமும் கெட்டுப்போயின. புதிது வேண்டும் என்று கேட்கப் போனவனைப் பிரின்சிபால் மேடம் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒனக்கு இருதயம் இருக்குல்ல தம்பி? குடல் இருக்குல்ல? ரெக்கார்டு பண்ணிப் போடு."

ஸ்டோர் ரூமில் ஃபேனை அணைத்துவிட்டு, சட்டையைக் கழற்றி, மைக்கை நெஞ்சிலும் முதுகிலும் வயிற்றிலும் வைத்துப் பதிவு செய்தான். அன்றிலிருந்து அந்தப் பெண்கள் மனித உடம்பைக் கற்றது அவன் உடம்பில். அவர்களுக்கு அது தெரியாது. அவனுக்கு அதில் ஒரு கூச்சமும் கொஞ்சம் பெருமையும் இருந்தன.

ஸ்பேனர் விழுந்ததை மெஷின் கோளாறு என்று எடுத்துக்கொண்டான். பிறகு சுவாச மண்டல வகுப்பு வந்தது. ஆக்சிஜன் சிலிண்டரைத் தோளில் சுமந்து மாடியேறி அவன் உள்ளே நுழைந்தபோது கட்டிலைச் சுற்றிச் சிரிப்பு.

"மேடம், மாப்பிள்ளைக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது!"

"எந்த வீட்டுச் சுவரு ஏறிக் குதிச்சாரோ?"

அவன் சிலிண்டரை இறக்கிவிட்டு, எதற்கும் பார்ப்போம் என்று மூச்சை அடக்கினான். பொம்மையின் நெஞ்சு பாதியில் நின்றது. சிரிப்பும் நின்றது. அழுமூஞ்சி என்று தோழிகள் கேலி செய்யும் பெண் மட்டும் குனிந்து பொம்மையின் மூக்கருகே கன்னத்தை வைத்து, "மேடம், மூச்சு நின்னுபோச்சு" என்றாள். அவன் மூச்சை விட்டான். அவள் கன்னத்து மயிர் காற்றில் அசைந்தது.

அன்று ராத்திரி மனைவி வழக்கம்போல அவன் நெஞ்சில் தலை வைத்துப் படுத்தாள். படுத்தவள் தலையைத் தூக்கினாள்.

"என்னங்க, உள்ள ஃபேன் ஓடுது?"

"ஃபேன் மேல ஓடுது."

"மேல ஓடுறது எனக்குத் தெரியாதா? அத நிறுத்துங்க."

நிறுத்தினான். அந்த நிசப்தத்தில் அவள் மறுபடி காதை வைத்தாள். முகத்திலிருந்த விளையாட்டு போயிற்று.

"சைக்கிள் டயருக்குக் காத்தடிச்சா கேக்குமே, அந்த மாதிரி ஸ்ஸுன்னு கேக்குதுங்க. லப்டப்ப ஒண்ணையும் காணோம்."

"வயிறா இருக்கும்."

"நான் வயித்துல வைக்கல."

அவள் கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து சுவரைப் பார்த்துப் படுத்தாள். அவன் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டு, வேலைப் பையிலிருந்த ஸ்டெதாஸ்கோப்பைத் தன் நெஞ்சில் வைத்தான். முனகல். வால்வு திறந்து காற்று இறங்கும் சீறல். அவனுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். வாரா வாரம் அவன் எண்ணெய் போடும் பம்பு அது.

மறுநாள் முதல் வேலையாகக் கம்ப்யூட்டரைத் திறந்து, அங்கே அழித்தால் தன்னுடையது தன்னிடம் திரும்புமா என்று பார்க்கக் குடல் ஒலியை அழித்தான். வயிறு போனால் உயிர் போகாது என்று ஒரு கணக்கு. அழித்ததும் அடிவயிற்றில் ஏதோ ஒன்று கையை எடுத்துக்கொண்டது போலிருந்தது. அதன் பிறகு பசி இல்லை. மனைவி வற்புறுத்தி ஊட்டியது பையில் போட்டதுபோலப் போட்ட இடத்தில் இருந்தது. வயிறு முரசாக இறுகியது, ஏப்பத்தில் அழுகல் வாடை வந்தது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டால், சுவரில் வைத்துக் கேட்டது போல. மைக்கை எடுத்து வயிற்றில் வைத்துத் திரும்பப் பதிவு செய்யப் பார்த்தான். பதிவு செய்ய அங்கே ஒன்றும் இல்லை.

திரையில் அழித்த பெயர் இருந்த இடத்துக்கு மேலே இதயம் இருந்தது. அவன் மவுஸிலிருந்து கையைத் தூங்கும் பிள்ளையிடமிருந்து எடுப்பதுபோல எடுத்தான். பம்பின் பிளக்கைப் பார்த்தான். அதையும் தொடவில்லை.

செய்முறைப் பரீட்சை நெருங்கியிருந்தது. மேடம் அறை வாசலில் போய் நின்றான்.

"மேடம், இந்தத் தடவ அந்த மாரடைப்பு கேஸ் வேண்டாம் மேடம்."

"ஏன், பொம்ம மேல பாசமா?"

"மெஷினு தாங்காது."

"தாங்கலேன்னா பழைய இரும்புக்காரனுக்குப் போடு." மேடம் பேனாவை மூடினார். "இங்க பாரு. எவ்வளவு நல்லாப் பண்ணாலும் மாப்பிள்ள சாவணும். பொழைக்க வெச்சேன்னு வையி, ஒவ்வொருத்தியும் தன் கைராசின்னு நெனச்சுக்குவா. நாளைக்கு வார்டுல ஒரு சாவு விழுந்தா ஓன்னு அழுதுக்கிட்டு நிப்பா. இங்கயே பாத்து மரத்துப் போகட்டும்."

"எல்லாருக்குமா மேடம்?"

"பின்ன, பாதிப் பேருக்கா? ஆமா, என்ன ஒன் வயிறு இப்புடி ஊதிக் கெடக்கு? ஒழுங்காச் சாப்பிடு."

கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து மெஷினை ஓட்டுவதும், மாணவிகள் கேட்கும் கேள்விக்குப் பொம்மையின் குரலாக மைக்கில் பதில் சொல்வதும் அவன். துடிப்பைக் குறைக்கும் நேரத்தில் மெஷின் சிக்கிக்கொண்டது என்று சொல்லிவிடலாம். அதை நம்பித்தான் பரீட்சை நாளன்று வந்தான். அவன் நாற்காலியில் மேடம் உட்கார்ந்திருந்தார்.

"நீ பின்னால போய் உக்காரு. ஒன் மூஞ்சியே சரியில்ல."

கண்ட்ரோல் ரூம் இருட்டாக இருந்தது. இருட்டாக இருந்தால்தான் கண்ணாடி வழியே அந்தப் பக்கம் தெரியும், அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் தெரியாது. அவன் மூலையிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். கண்ணாடிக்கு அப்பால் வெள்ளை விளக்கின் கீழ் மாப்பிள்ளை. கதவு திறந்தது. முதலில் அழுமூஞ்சி.

அவள் கையைக் கழுவினாள். நாடியைப் பிடித்தாள். அவன் மணிக்கட்டில் ஈர விரல்கள் பட்டன.

"மேடம்" என்றான்.

"ஷ்ஷ்."

மேடம் மவுஸை மெல்லக் கீழே இழுத்தார். காற்று பாதிதான் உள்ளே போனது. அவன் விரல் நுனிகள் குளிர்ந்தன. எழுந்து அவர் கையைப் பிடித்துவிட வேண்டும் என்று கால்களுக்குச் சொன்னான். கால்கள் வைத்த இடத்தில் இருந்தன. நெஞ்சுக்குள் துடிப்பு நடுங்கியது, வலைக்குள் மீன் போல.

இன்னும் கொஞ்சம் கீழே.

நின்றது.

வெளியே எதுவும் மாறவில்லை. மேடத்தின் முதுகு. பேனாவின் கீறல். அவன் தலை மார்பில் சரிந்தது. சரிந்த சத்தம்கூட இல்லை.

அழுமூஞ்சி கட்டிலில் முழங்காலிட்டாள். கைமேல் கை வைத்தாள். அமுக்கினாள்.

விலா முறிந்தது. அவனுடையது. பொம்மைக்கு வலி என்று எதையும் கம்பெனிக்காரன் வைக்கவில்லை. அது இவனிடமே இருந்தது.

நன்றாக அமுக்கினாள். பாடத்தில் உள்ளபடி. அவள் அமுக்கும்வரை ரத்தம் மூளைக்குப் போகும். போகும்வரை அவனுக்குத் தெரியும். இன்னொரு விலா. இன்னொன்று. அவள் அழுதுகொண்டே அமுக்கினாள். கை ஓயவில்லை.

"போதும். நிறுத்து" என்றார் மேடம்.

"இன்னும் கொஞ்சம் மேடம். வந்துருவாரு மேடம்."

"சரி, பண்ணு."

பண்ணினாள்.

அவள் இமையை விலக்கி டார்ச் அடித்தபோது இருட்டறையில் அவன் கண்ணுக்குள் வெளிச்சம் விழுந்தது. கண்மணி சுருங்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறந்த நேரத்தைச் சொன்னாள். குரல் உடையவில்லை.

"இப்பத்தான் நர்ஸு" என்றார் மேடம்.

கை விலகியது. அவனும் போனான். வலி போயிற்று. எல்லாம் போயிற்று. நல்ல கறுப்பு.

மவுஸின் ஒரு சொடுக்கு.

துடிப்பு வந்தது. காற்று சீறிக்கொண்டு நெஞ்சுக்குள் புகுந்து முறிந்த விலாக்களை ஒவ்வொன்றாகத் தூக்கியது. மேடம் திரும்பிப் பார்க்காமல், "மெஷினு தாங்காதுன்ன? கல்லாட்டம் இருக்கு" என்றார்.

அடுத்த பெண் உள்ளே வந்தாள். அவள் பின்னால் கதவு சாத்தாமல் திறந்தே கிடந்தது. வராந்தா முழுக்க வெள்ளை உடுப்பு, சுவரில் சாய்ந்தும் புத்தகத்தைப் புரட்டியும், வளைவுக்கு அப்பாலும். அவள் கட்டிலருகே வந்து, குளிராமலிருக்க உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு, குனிந்தாள்.

"பயப்படாதீங்க, நான் பாத்துக்கிறேன். என்ன பண்ணுது உங்களுக்கு?"

இருந்த மூச்சையெல்லாம் திரட்டி, வேண்டாம், வெளியே போ, என்று அவன் கத்தினான். உதடுகள் பிரிந்தன. நாக்கு புரண்டது. மேடம் மைக்கின் பக்கம் குனிந்திருந்தார்.

"நெஞ்சு லேசா அடைக்குது சிஸ்டர்" என்றது அவன் வாய்.